மீத்தேன் எரியும் வெப்பம்: −694, −802, −890 ஆகிய மூன்று விடைகளும் எங்கிருந்து வருகின்றன?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, இப்போது ஆங்கில வழியில் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கும் ஒரு மாணவி இப்படிக் கேட்டிருக்கிறார்: "மீத்தேன் எரியும் வினைக்கு என்தால்பி மாற்றத்தைப் பிணைப்பு ஆற்றல் அட்டவணையை வைத்துக் கணக்கிட்டேன். மோலுக்கு −694 கிலோஜூல் வந்தது. பாடநூலில் −890 என்று இருக்கிறது. நான்கு முறை கூட்டிப் பார்த்தும் பிழை அகப்படவில்லை. அதோடு, உருவாதல் என்தால்பியில் 'வினைவிளை பொருள்களிலிருந்து வினைபடு பொருள்களைக் கழி' என்று படித்தோம். பிணைப்பு ஆற்றலில் மட்டும் ஏன் அது தலைகீழாகிறது? தேர்வில் எந்த எண்ணைப் போடுவது?"

என்தால்பி மாற்றம் என்பது மாறா அழுத்தத்தில் ஒரு வினை வெளிவிடும் அல்லது உட்கொள்ளும் வெப்பம்; எதிர்க்குறி இருந்தால் வெப்பம் வெளிவருகிறது என்று பொருள். உங்கள் கூட்டலில் பிழை இல்லை. 694க்கும் 890க்கும் இடையில் உள்ள 196 கிலோஜூல், ஒரே தவறால் வந்த இடைவெளியும் இல்லை. அதில் 108 கிலோஜூல், கார்பன் டை ஆக்சைடுக்குப் பொருந்தாத ஓர் எண்ணை அட்டவணையிலிருந்து எடுத்ததால் வந்தது. மீதி 88 கிலோஜூல், நீர் ஆவியாக இருக்கிறதா திரவமாக இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இரண்டையும் தனித்தனியே பார்க்கலாம். அதற்கு முன், குறியைப் பற்றிய இரண்டாம் கேள்விக்கு விடை சொல்லிவிட வேண்டும்; அந்த அடிப்படை பிசகினால் மேலே கட்டுவது எதுவும் நிற்காது.

பல ஆண்டுகளாகத் தமிழ் வழி, மலையாள வழி என இரு வகுப்புகளிலும் வேதியியல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இரண்டிலும் மாணவர்கள் மனத்தில் ஊறியிருக்கும் ஒரே தவறான எண்ணம், பிணைப்புக்குள் ஆற்றல் அடைபட்டுக் கிடக்கிறது, அதை உடைத்தால் அது வெளியே வருகிறது என்பதுதான். நாம் பிணைப்பு என்கிறோம், மலையாளத்தில் ராசபந்தனம் என்கிறார்கள். இரண்டு சொல்லுமே கட்டிப்போட்ட ஒன்றை நினைவூட்டுகின்றன, கட்டை அவிழ்த்தால் உள்ளே இருப்பது பாய்ந்து வரும் என்று தோன்றிவிடுகிறது. உயிரியல் வகுப்பில், செல்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூற்றின் பாஸ்பேட் பிணைப்பு உடைந்து ஆற்றல் தருகிறது என்று சுருக்கமாகச் சொல்லும்போது அந்த எண்ணம் மேலும் உறுதிப்படுகிறது. உண்மை இதற்கு நேர் எதிரானது. ஒட்டிக்கொண்ட இரண்டு காந்தங்களைப் பிரிக்க நாம்தான் பலம் செலவிட வேண்டும். விட்டுவிட்டால் அவை தாமே 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும், அந்த ஓசையும் அதிர்வும் ஆற்றல் வெளிப்பட்டதன் அடையாளம். அணுக்களும் அப்படியே. எந்தப் பிணைப்பை உடைப்பதற்கும் ஆற்றல் கொடுக்க வேண்டும். எந்தப் பிணைப்பு உருவானாலும் ஆற்றல் வெளிப்படும். இதற்கு விலக்கே இல்லை. ஏடிபி தரும் ஆற்றலும் பழைய பிணைப்பு உடைவதால் வருவதன்று. நீரோடு வினைபுரிந்தபின் உண்டாகும் பொருள்கள் முன்பிருந்தவற்றைவிட நிலையான நிலையை அடைவதால் வருவது.

ஆகவே அட்டவணையில் இருக்கும் எண்கள் எல்லாம் நேர்க்குறி எண்கள். கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புக்கு 413 என்றால், வாயு நிலையில் உள்ள மூலக்கூறுகளில் அந்தப் பிணைப்பை ஒரு மோல் அளவுக்கு உடைத்து அணுக்களைத் தனித்தனியாக்க 413 கிலோஜூல் கொடுக்க வேண்டும் என்று பொருள். 'வாயு நிலையில்' என்ற சொல்லை மனத்தில் வைத்திருங்கள். 88 கிலோஜூல் அதற்குள்தான் இருக்கிறது.

இப்போது கழித்தலின் வரிசை. நம்முடைய கிழக்குச் சித்தூர்ப் பகுதி மழை மறைவுப் பகுதி, கிணறுகள் ஆழமானவை என்பது உங்களுக்கே தெரியும். கிணற்றில் வாளி எங்கே நிற்கிறது என்பதை மேலே கைப்பிடிச் சுவரிலிருந்து எத்தனை முழம் கயிறு இறங்கியிருக்கிறது என்று சொல்வோம். கயிற்றின் நீளம் கூடக் கூட வாளி தாழ்ந்து போகிறது. பிணைப்பு ஆற்றல் என்பது இந்தக் கயிற்றின் நீளம். கைப்பிடிச் சுவர் என்பது அணுக்கள் எல்லாம் பிரிந்து தனித்தனியாக நிற்கும் நிலை. வினைபடு பொருள்களின் பிணைப்பு ஆற்றல்களைக் கூட்டினால், அவை அந்தச் சுவரிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்பது கிடைக்கும். வினைவிளை பொருள்களுக்கும் அப்படியே. உருவாதல் என்தால்பி அட்டவணையோ ஆழத்தை அளப்பதில்லை, உயரத்தை அளக்கிறது. அங்கே இயல்பு நிலையில் உள்ள தனிமங்களைச் சுழி என்று வைத்து, அதற்கு மேலே நேர்க்குறி, கீழே எதிர்க்குறி என்று எழுதுகிறார்கள். உயரத்தில் ஏற்பட்ட மாற்றம் வேண்டுமென்றால் முடிவு உயரத்திலிருந்து தொடக்க உயரத்தைக் கழிக்க வேண்டும். அதே மாற்றத்தை ஆழங்களைக் கொண்டு சொல்லவேண்டுமென்றால் தொடக்க ஆழத்திலிருந்து முடிவு ஆழத்தைக் கழிக்க வேண்டும். விதி தலைகீழாகவில்லை, அளவுகோலின் திசைதான் தலைகீழாக இருக்கிறது. டெல்டா எச் (என்தால்பி மாற்றம்) என்பது உடையும் பிணைப்புகளின் கூட்டுத்தொகையிலிருந்து உருவாகும் பிணைப்புகளின் கூட்டுத்தொகையைக் கழித்து வருவது என்ற சூத்திரத்தை இப்படிப் புரிந்துகொண்டால் மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

சுடரில் மீத்தேன் முழுக்க அணு அணுவாகப் பிரிந்து பிறகு சேருகிறதா என்றால், இல்லை. அங்கே நடப்பது பல படிகள் கொண்ட வேறொரு சங்கிலி. ஆனால் என்தால்பி ஒரு நிலைச் சார்பு. எந்த வழியாகப் போனாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் மாற்றமும் ஒன்றாகவே இருக்கும் என்பதை வேதியியலாளர் ஹெஸ் 1840இல் நிறுவிவிட்டார். அதனால் நமக்கு வசதியான ஒரு கற்பனை வழியைத் தேர்ந்துகொள்ள உரிமை இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி மீத்தேனுக்கு வருவோம். ஒரு மீத்தேன் மூலக்கூறு இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு சேர்ந்து ஒரு கார்பன் டை ஆக்சைடையும் இரண்டு நீர் மூலக்கூறுகளையும் தருகிறது. எண்ணைத் தேடுவதற்கு முன் ஒவ்வொரு மூலக்கூற்றையும் கோடு போட்டு வரையுங்கள். நான் திருத்திய விடைத்தாள்களில் தவறுகள் மிகுதியும் அட்டவணையில் நேர்வதில்லை, வரையாமல் மனத்தில் எண்ணியதில் நேர்கின்றன. ஒரு நீர் மூலக்கூற்றில் இரண்டு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் இருப்பதை மறந்து, சமன்பாட்டில் உள்ள 2ஐ மட்டும் பெருக்கிவிடுவார்கள். வரைந்தால் கண்ணுக்கே தெரியும்: உடைவன நான்கு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள், இரண்டு ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகள், உருவாவன இரண்டு கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகள், நான்கு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள்.

உடைக்கக் கொடுப்பது: 4 × 413 = 1652; 2 × 498 = 996; ஆக 2648 கிலோஜூல்.

உருவாகும்போது வருவது, உங்கள் கணக்குப்படி: 2 × 745 = 1490; 4 × 463 = 1852; ஆக 3342 கிலோஜூல்.

2648 − 3342 = −694. உங்கள் விடை இதுதான். இதில் 745 என்ற எண்ணைப் பாருங்கள். அது ஆல்டிஹைடுகளிலும் கீட்டோன்களிலும் உள்ள கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புக்கான சராசரி. கார்பன் டை ஆக்சைடில் ஒரே கார்பன் இரு பக்கமும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் நிற்கிறது. அதன் எலக்ட்ரான்கள் இரு பக்கப் பிணைப்புகளிலும் பரவி நிற்பதால் பிணைப்பு இறுகுகிறது. கீட்டோனில் ஏறத்தாழ 122 பிக்கோமீட்டர் நீளமுள்ள பிணைப்பு, இங்கே 116 பிக்கோமீட்டராகக் குறுகியிருப்பதே அதற்குச் சான்று. அதை உடைக்க 799 கிலோஜூல் தேவை. நல்ல அட்டவணைகளில் இந்த எண் 'கார்பன் டை ஆக்சைடில்' என்ற குறிப்போடு தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். அந்தச் சிறிய எழுத்தைக் கண் தாண்டிப் போய்விடுகிறது. 799ஐப் போட்டால் 1598 + 1852 = 3450. 2648 − 3450 = −802.

முதல் 108 கிலோஜூல் கிடைத்துவிட்டது. மீதி 88.

எங்கள் வீட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் கோபர் கேஸ் கலன் ஒன்று இருக்கிறது. அதில் வரும் வாயுவில் பாதிக்குச் சற்று மேலே மீத்தேன். மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, அது எரிவதில் பங்கு கொள்வதில்லை. காலையில் அடுப்பைப் பற்றவைத்து, குளிர்ந்த நீர் நிறைந்த எவர்சில்வர் பாத்திரத்தை நீலச் சுடரின் மேல் வைத்த உடனே அதன் அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள். பளபளப்பு மங்கி, முதலில் மூச்சு விட்டாற்போல் ஒரு பனிப்படலம், பிறகு சின்னச் சின்ன நீர்த்துளிகள். பாத்திரம் கசிகிறதோ என்று துணியால் துடைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. பாத்திரம் சூடேறியதும் அந்தத் துளிகள் மறைந்துவிடும். அந்த நீர் பாத்திரத்திலிருந்து வந்ததன்று. மீத்தேனின் ஹைட்ரஜனும் காற்றின் ஆக்சிஜனும் அப்போதுதான் சேர்ந்து உண்டாக்கிய நீர். சுடரில் அது ஆவியாகப் பிறக்கிறது, குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் திரவமாகிறது, திரவமாகும்போது இன்னும் கொஞ்சம் வெப்பத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்கிறது. அந்தக் கொஞ்சம்தான் நாம் தேடும் எண்.

பிணைப்பு ஆற்றல் கணக்கு எல்லாப் பொருளையும் வாயுவாகவே எண்ணுகிறது. அது தந்த −802 என்பது நீராவி உண்டாகும்போது வெளிப்படும் வெப்பம். எரிதல் வெப்ப அட்டவணையோ 25 டிகிரி செல்சியஸில், நீர் திரவமாக இருக்கும் நிலைக்கு எழுதப்பட்டது. 25 டிகிரியில் ஒரு மோல் நீராவி திரவமாகும்போது 44 கிலோஜூல் வெளிப்படுகிறது. இரண்டு மோலுக்கு 88. −802 − 88 = −890. இங்கே 40.7 என்ற எண்ணை எடுத்துவிடாதீர்கள். அது 100 டிகிரியில், நீர் கொதிக்கும் வெப்பநிலையில் உள்ள மதிப்பு. உருவாதல் என்தால்பிகளைக் கொண்டும் இதைச் சரிபார்க்கலாம்: மீத்தேன் −74.8, கார்பன் டை ஆக்சைடு −393.5, திரவ நீர் −285.8, நீராவி −241.8. திரவ நீரை வைத்தால் −890.3 வருகிறது, நீராவியை வைத்தால் −802.3 வருகிறது. இரண்டு அளவுகோல்களும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன.

அந்த 802 கிலோஜூல் எவ்வளவு என்று கைக்கு அடக்கமாக ஒரு கணக்கு: ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 293 கிலோஜூல் வேண்டும். ஆகவே 16 கிராம் (ஒரு மோல்) மீத்தேன், வெப்பம் எதுவும் வீணாகாவிட்டால், இரண்டே முக்கால் லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும்.

மீத்தேனில் விடை இவ்வளவு துல்லியமாகப் பொருந்தியதைப் பார்த்து, பிணைப்பு ஆற்றல் முறை எப்போதும் இப்படியே பொருந்தும் என்று நம்பிவிட வேண்டாம். அட்டவணை எண்கள் சராசரிகள். நீரில் முதல் ஹைட்ரஜனைப் பிரிக்க ஏறத்தாழ 497 கிலோஜூல் தேவை. மிஞ்சிய ஆக்சிஜன்–ஹைட்ரஜன் இணையைப் பிரிக்க ஏறத்தாழ 429 போதும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 463. நாம் பயன்படுத்திய 463 நீரின் எந்த ஒரு பிணைப்புக்கும் உரிய எண்ணன்று. மீத்தேனிலும் அப்படியே: முதல் ஹைட்ரஜனுக்கு 439 அளவிலும் கடைசி ஹைட்ரஜனுக்கு 338 அளவிலும் தேவைப்படுகிறது, நான்கின் சராசரி 416. 413 என்பது மீத்தேனுக்கு மட்டும் உரியதன்று, பற்பல சேர்மங்களைப் பார்த்து எடுத்த பொதுச் சராசரி. இப்படிப்பட்ட சிறு விலகல்கள் மீத்தேனில் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டன.

எத்தனாலில் அவை ஈடுகட்டிக்கொள்வதில்லை. சித்தூர் வட்டம் கள்ளுக்குப் பெயர்பெற்றது. கள்ளில் இருக்கும் எத்தனாலையே எடுத்துக்கொள்வோம். ஐந்து கார்பன்–ஹைட்ரஜன், ஒரு கார்பன்–கார்பன் (347), ஒரு கார்பன்–ஆக்சிஜன் ஒற்றைப் பிணைப்பு (358), ஓர் ஆக்சிஜன்–ஹைட்ரஜன்: மொத்தம் 3233. மூன்று ஆக்சிஜன் மூலக்கூறுகளுக்கு 1494. உடைப்பது 4727. உருவாவது நான்கு கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகளும் ஆறு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகளும்: 3196 + 2778 = 5974. விடை −1247, எல்லாம் வாயுவாக இருக்கும்போது. இனி நிலைகளைத் திருத்துவோம். திரவ எத்தனாலை முதலில் ஆவியாக்க 42 கொடுக்க வேண்டும். மூன்று மோல் நீராவி திரவமாகும்போது 132 கிடைக்கும். −1247 + 42 − 132 = −1337. சோதனையில் கிடைக்கும் மதிப்பு −1367. நிலைகளை எல்லாம் சரிசெய்த பிறகும் 30 கிலோஜூல் இடைவெளி நிற்கிறது. நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேலான இந்த இடைவெளி உங்கள் பிழையன்று. சராசரிகளைக் கொண்டு அளப்பதற்கு நாம் கொடுக்கும் விலை.

இந்த முறைக்குப் பார்வையே எட்டாத இடங்களும் உண்டு. சமையல் எரிவாயு உருளையில் பியூட்டேனும் ஐசோபியூட்டேனும் சேர்ந்திருக்கின்றன. இரண்டிலும் மூன்று கார்பன்–கார்பன் பிணைப்புகள், பத்து கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள்; பிணைப்பு ஆற்றல் கணக்கு இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் தரும். உண்மையில் ஐசோபியூட்டேன் மோலுக்கு எட்டு கிலோஜூலுக்குச் சற்று மேலாகத் தாழ்ந்த ஆற்றலில் இருக்கிறது. பென்சீனில் பிசகு இன்னும் பெரிது. மூன்று இரட்டைப் பிணைப்புகள் (ஒவ்வொன்றும் 614) இருப்பதாகக் கொண்டு, அதை வளைய ஹெக்சேனாக ஹைட்ரஜனேற்றம் செய்யும் வினைக்குக் கணக்கிட்டால் −369 வரும். வாயு நிலையில் உண்மை மதிப்பு −206. உடனிசைவு (எலக்ட்ரான்கள் வளையம் முழுவதும் பரவி நிற்பதால் வரும் கூடுதல் உறுதி) என்று நீங்கள் அடுத்துப் படிக்கப்போவது இந்த 163 கிலோஜூலின் பெரும்பகுதியைத்தான். கணக்கு பொய்த்த இடத்தில் வேதியியலுக்குப் புதிய கதவு திறந்தது என்பதால், இந்தப் பொருந்தாமை எனக்கு மிகவும் பிடித்தமானது.

அதேபோன்ற இன்னொரு கதவு ஹைட்ரஜன் குளோரைடில் இருக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு 436, குளோரின் பிணைப்பு 242, கூட்டினால் 678. உருவாகும் இரண்டு ஹைட்ரஜன்–குளோரின் பிணைப்புகள் 2 × 431 = 862. விடை −184, சோதனை மதிப்போடு பொருந்துகிறது. இனி இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 436க்கும் 242க்கும் சராசரி 339, இரண்டு அணுக்களும் எலக்ட்ரான்களைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தால் பிணைப்பு அந்த அளவில்தானே இருக்க வேண்டும், ஏன் 92 கூடுதலாக இருக்கிறது? குளோரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் வந்த கூடுதல் உறுதி அது. அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1932இல் இந்தக் கூடுதலைக் கொண்டுதான் எலக்ட்ரான் கவர்தன்மை அளவுகோலை அமைத்தார். 92ஐ 96.5ஆல் வகுத்து (கிலோஜூலை எலக்ட்ரான் வோல்ட்டாக மாற்றி) வர்க்கமூலம் எடுத்தால் 0.98 வருகிறது, உங்கள் நூலில் குளோரினுக்கு 3.16, ஹைட்ரஜனுக்கு 2.20 என்று இருக்கும், வேறுபாடு 0.96. வெப்பவியல் பாடமும் பிணைப்புப் பாடமும் ஒரே எண்ணில் சந்திக்கும் இடம் இது. வகுப்பில் இதைக் காட்டாமல் நான் இந்தப் பாடத்தை முடித்ததில்லை.

எரிபொருள்கள் ஏன் வெப்பம் தருகின்றன என்பதற்கும் விடை இதே எண்களுக்குள் இருக்கிறது. எரிபொருளின் பிணைப்புகள் வலிமை குன்றியவை அல்ல. 413 நல்ல வலுவான பிணைப்பு. வலிமை குன்றியது ஆக்சிஜன் மூலக்கூறு. நைட்ரஜனின் முப்பிணைப்பு 945ஆக நிற்கும்போது, ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்பு வெறும் 498. அந்த 498ஐக் கொடுத்து ஒவ்வொன்றும் 799 ஆகவும் 463 ஆகவும் உள்ள பிணைப்புகளைப் பெறுகிறோம். மீத்தேனின் 802ஐ இரண்டால் வகுத்தால் ஆக்சிஜன் ஒரு மோலுக்கு 401. எத்தனாலின் 1247ஐ மூன்றால் வகுத்தால் 416. எரிபொருள் மாறினாலும், செலவான ஆக்சிஜனுக்குக் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்பதைக் கவனியுங்கள்.

நைட்ரஜனைச் சொன்னதால் அம்மோனியாவையும் ஒரு வரியில்: 945 + 3 × 436 = 2253; ஆறு நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் 6 × 391 = 2346; விடை −93, சோதனை மதிப்பு −92. வெப்ப உமிழ் வினைதான்; ஆனாலும் அந்த 945ஐத் தளர்த்துவதற்கு இரும்பு வினையூக்கியும் 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் உயர் அழுத்தமும் வேண்டியிருக்கிறது. நம் மாநிலத்தில் உத்தியோகமண்டல் உரத் தொழிற்சாலை 1947இல் உற்பத்தியைத் தொடங்கியபோது அதற்கான ஹைட்ரஜனை விறகை வாயுவாக்கிப் பெற்றார்கள். வினை வெப்பத்தை வெளிவிடும் என்பது ஒன்று, அது எளிதில் நடக்கும் என்பது வேறொன்று. பிணைப்பு ஆற்றல் கணக்கு முதலாவதை மட்டுமே சொல்லும்.

தேர்வில் எந்த எண்ணைப் போடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். வினாத்தாளில் கொடுத்திருக்கும் எண்ணையே போடுங்கள். நூலுக்கு நூல் 413, 414, 416 என்றும், 495, 498 என்றும் மாறும், அதனால் மதிப்பெண் குறையாது. வினாவில் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புக்கு 745 என்று கொடுத்திருந்தால் அதை வைத்தே கணக்கை முடித்து −694 என்று எழுதிவிட்டு, கீழே ஒரு வரியில் அது கார்பன் டை ஆக்சைடுக்கு உரிய மதிப்பன்று என்று குறிப்பிடுங்கள். நீருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வாயு என்று இருக்கிறதா, திரவம் என்று இருக்கிறதா என்பதைப் பேனாவை எடுப்பதற்கு முன்பே வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.